தேயிலையும் செடி, கஞ்சாவும் செடி: மூளைக்குள் என்ன வித்தியாசம்?



படிவம் 4 வகுப்பில் நரம்பு மண்டலப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. “டீச்சர், தேயிலையும் செடிதான், கஞ்சாவும் செடிதான். தேத்தண்ணி குடித்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கஞ்சா என்றால் மட்டும் ஏன் போலீஸ், ஆஸ்பத்திரி என்று பயமுறுத்துகிறீர்கள்?” வகுப்பே சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. கேமரன் மலையில், ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு தெரியும் பள்ளியில் படிக்கிறவனுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலும் அல்ல அது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவன் சொன்னதில் பாதி உண்மை. இரண்டுமே செடிகள். இரண்டுமே தமக்காகத் தயாரித்துக்கொள்ளும் வேதிப்பொருள் நம் மூளையில் போய் வேலை செய்கிறது. தேயிலைக் கொழுந்தில் இருக்கும் காஃபின், இளம் இலையைப் பூச்சி தின்னாமல் காக்கும் கசப்பு மருந்து. கஞ்சாவின் பெண் பூக்களில் பிசுபிசுவென்று ஒட்டும் நுண்ணிய சுரப்பி முடிகள் உண்டு. அதிலிருக்கும் டி.எச்.சி. என்ற பொருள்தான் போதை தருவது. இயற்கையானது என்பதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அரளியும் ஊமத்தையும் இயற்கைதான்.

காஃபின் செய்வது எளிய காரியம். நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்குரிய ஏற்பியில் போய் உட்கார்ந்தால் களைப்பு தெரியும். காஃபின் அந்த இருக்கையில் முன்கூட்டியே உட்கார்ந்து இடம் பிடித்துக்கொள்கிறது. களைப்பு அப்படியேதான் இருக்கிறது, செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை. சில மணி நேரத்தில் காஃபின் இறங்கிவிடும், கொட்டாவி வந்துவிடும்.

டி.எச்.சி. கதை வேறு.

பேருந்தில் போன ஐந்து கிலோ

1960களின் தொடக்கத்தில் இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அபினிலிருந்து மார்ஃபின் பிரித்தெடுக்கப்பட்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கஞ்சாவில் போதை தரும் பொருள் எது என்பது மட்டும் அதுவரை தெளிவாகவில்லை. போலீசார் பிடித்து வைத்திருந்த ஐந்து கிலோ கஞ்சாப் பிசினைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேருந்திலேயே ஆய்வகத்துக்குத் திரும்பினாராம். என்ன வாசனை இது என்று உடன் வந்தவர்கள் முகம் சுளித்தார்களாம். 1964இல் அவரும் யெஹியேல் காவோனியும் டி.எச்.சி.யைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டார்கள்.

ஆனால் பெரிய கேள்வி அதன் பிறகுதான் வந்தது. 1988இல் எலியின் மூளையில் டி.எச்.சி. போய் ஒட்டும் ஏற்பி ஒன்று இருப்பது தெரிந்தது. ஒரு செடியின் சாவிக்கு நம் மூளையில் ஏன் பூட்டு இருக்க வேண்டும்? நம் உடலே அப்படி ஒரு சாவியைத் தயாரித்தால்தானே பூட்டுக்கு வேலை? 1992இல் மெக்கூலத்தின் குழு பன்றியின் மூளையிலிருந்து அந்தச் சாவியை எடுத்தது. அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நம் ‘ஆனந்தம்’தான். சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்த பெயர்.

இந்த ஆனந்தமைடும் அதன் கூட்டாளிகளும் செய்யும் வேலை என்ன? படிவம் 3 அறிவியலின் முதல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு நரம்பணுவின் முனையிலிருந்து வேதிப்பொருள் கிளம்பி, சிறு இடைவெளியைத் தாண்டி, அடுத்த நரம்பணுவை அடையும். ஒருவழிப் பாதை என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். ஆனால் இந்தப் பொருள்கள் எதிர்த்திசையில் போகின்றன. செய்தி வாங்குகிற நரம்பணு, அனுப்புகிற நரம்பணுவிடம் ‘போதும், கொஞ்சம் நிறுத்து’ என்று சொல்வதற்கு இவற்றைப் பயன்படுத்துகிறது.

தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்திருப்பீர்கள். பறித்த கொழுந்தை வாட்டப் பரப்பும் இடம் நிறைந்துவிட்டால், மலையில் இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார்கள்: அடுத்த லாரியைக் கொஞ்ச நேரம் அனுப்பாதே. இடம் காலியானதும் மறுபடி அனுப்பு. எந்த மலைக்குச் சொல்ல வேண்டுமோ அந்த மலைக்கு மட்டும், எவ்வளவு நேரத்துக்கு வேண்டுமோ அவ்வளவு நேரத்துக்கு மட்டும். ஆனந்தமைடு இந்தத் தொலைபேசி அழைப்பு. வேலை முடிந்ததும் உடனே சிதைந்துவிடும்.

இப்போது யாரோ ஒருவர் அலுவலகத்துக்குள் புகுந்து தொலைபேசியைப் பிடுங்கி, எல்லா மலைக்கும் ஒரே நேரத்தில் ‘நிறுத்து, நிறுத்து’ என்று மணிக்கணக்கில் கத்தினால் என்ன ஆகும்? டி.எச்.சி. செய்வது அதுதான். அந்த ஏற்பிகள் நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸிலும், உடல் அசைவைச் சீராக்கும் சிறுமூளையிலும், திட்டமிடும் முன்மூளையிலும் நிறைய உண்டு. அதனால்தான் சொல்ல வந்ததை மறப்பது, தடுமாறுவது, நேரம் நீண்டு தெரிவது எல்லாம். மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் இவை குறைவு. ஹெராயினைப் போலக் கஞ்சா மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை என்பதற்குக் காரணம் இது. இதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். பெரியவர்கள் ஒரு விஷயத்தில் மிகைப்படுத்தினால் மற்ற விஷயங்களையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இன்னொன்று, டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. நீரில் கரையும் பொருள்போல அன்றே வெளியேறிவிடாது. அடிக்கடி பயன்படுத்துபவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் அதன் தடம் தெரியும்.

மூளைக்கும் கவாத்து உண்டு

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கவாத்து என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முரட்டுத்தனமாக வெட்டிவிடுவார்கள். பார்க்கச் செடி செத்ததுபோல் இருக்கும். ஆனால் எந்தக் கிளையை விட்டார்கள், எதை வெட்டினார்கள் என்பதுதான் அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்தச் செடி எப்படித் துளிர்க்கும் என்பதைத் தீர்மானிக்கும்.

உங்கள் மூளையில் இப்போது, இந்த வயதில், அதுதான் நடக்கிறது. குழந்தைப் பருவத்தில் நரம்பணுக்களுக்கு இடையே தேவைக்கு மேல் இணைப்புகள் உருவாகின்றன. பதின்ம வயதில் பயன்படாதவை வெட்டப்படுகின்றன, பயன்படுபவை பலப்படுகின்றன. இந்த வேலை கடைசியாக முடியும் இடம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. ஆத்திரத்தை அடக்குவது, நாளையை நினைத்து இன்று முடிவெடுப்பது எல்லாம் அங்கேதான். அது முடிய இருபத்தைந்து வயது வாக்கில் ஆகும். எந்த இணைப்பு இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் நான் மேலே சொன்ன ‘போதும்’ தொலைபேசிக்கும் பங்கு இருக்கிறது. கவாத்து நடக்கும் நேரத்தில் அந்தத் தொலைபேசியை வேறொருவர் கையில் கொடுப்பதுதான் பதினைந்து வயதில் கஞ்சா தொடுவது. நாற்பது வயதுக்காரர் தொடுவதும் நீங்கள் தொடுவதும் ஒன்றல்ல.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன். படிவம் 5இல் வகுப்பில் தூங்க ஆரம்பித்தான். நான் திட்டினேன். பிறகு நண்பர்களிடமிருந்து ஒதுங்கினான். எஸ்.பி.எம். நெருங்குகிறது, பயம்போல என்று நினைத்தேன். ஒரு நாள், பனிமூட்டத்தில் சரிவில் நிற்பவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான். அங்கே யாரும் இல்லை.

வீட்டில் செய்வினை என்றார்கள். பல ஊர்களுக்கு அழைத்துப் போனார்கள். மாதங்கள் ஓடின. கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. கோயிலுக்கும் போகலாம், கிளினிக்குக்கும் போகலாம், ஒன்று மற்றொன்றுக்குத் தடையல்ல. அவர்களைக் கிளினிக்குக்கு வரவிடாமல் தடுத்தது வேறு. “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்” என்ற பயம். மலையிலிருந்து ஈப்போ பக்கம் இறங்கினால் வரும் அந்த ஊரில் 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை இருக்கிறது. இன்றைய பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. அந்த ஊரின் பெயரையே நாம் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். நீங்களும் வகுப்பில் ஒருவரையொருவர் அப்படிக் கிண்டல் செய்வதைக் கேட்டிருக்கிறேன். அடுத்த முறை அந்தச் சொல் வாயில் வரும்போது இந்தப் பையனின் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மருத்துவரிடம் போனபோது, கஞ்சா பயன்படுத்தியது உண்டா என்ற கேள்விக்கு வீட்டார் ‘இல்லவே இல்லை’ என்றார்கள். அவர்களுக்குத் தெரியாது. மூன்றாவது முறை தனியாகப் பேசியபோதுதான் அவனே சொன்னான், படிவம் 3இலிருந்து. சிகிச்சையில் இப்போது நன்றாக இருக்கிறான், வேலைக்குப் போகிறான். அவன் வகுப்பில் தூங்கியபோது நான் திட்டாமல் கேட்டிருக்கலாம். அது என் மனதில் இன்னும் இருக்கிறது.

கஞ்சாதான் காரணமா?

அந்தப் பையனுக்கு வந்ததைச் சைக்கோசிஸ் என்பார்கள். இல்லாத குரல் கேட்பது, இல்லாத பகை இருப்பதாக உறுதியாக நம்புவது. அதைக் கஞ்சாதான் உண்டாக்கியது என்று நான் சொல்ல முடியுமா? ஒரே ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. அறிவியல் இந்த இடத்தில் எவ்வளவு கவனமாக நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கதை.

நம் கொள்ளுப்பாட்டன்மார் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்த காலம். இந்தியாவின் மனநலக் காப்பகங்கள் கஞ்சாக் குடித்தவர்களால் நிறைந்துவிட்டன என்ற பேச்சு பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை போயிற்று. 1893இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். சென்னை மாகாணம் உட்பட நாடு முழுவதும் 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். காப்பகப் பதிவேடுகளைத் தோண்டினார்கள். 1892இல் சேர்க்கப்பட்டவர்களில் 222 பேருக்கு நோயின் காரணம் கஞ்சா வகைப் போதை என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றாகத் திரும்ப விசாரித்தபோது, அப்படிச் சொல்ல ஓரளவு நியாயம் இருந்தது 98 பேருக்குத்தான். மற்றவை எப்படி வந்தன? படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட முடியாது. போலீஸ்காரரோ எழுத்தரோ கைக்கு வந்ததை நிரப்பினார். கஞ்சா வசதியான பதில்.

ஆனால் 98 என்பது பூஜ்யம் அல்ல. அந்தக் கேள்விக்குச் சரியான ஆய்வு வர இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. சுவீடனில் 1969, 70இல் கட்டாய ராணுவப் பணிக்கு வந்த 45,570 இளைஞர்களிடம் போதைப் பழக்கம் பற்றிக் கேட்டு எழுதி வைத்தார்கள். பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முடிவு 1987இல் வந்தது. கஞ்சாவைத் தொடாத 41,280 பேரில் 197 பேருக்கு மனச்சிதைவு நோய் வந்திருந்தது. ஐம்பது தடவைக்கு மேல் பயன்படுத்திய 752 பேரில் 21 பேருக்கு.

வெறும் எண்ணைப் பார்த்தால் 197 பெரிது. ஆயிரம் பேருக்கு எத்தனை என்று கணக்கிட்டால் முதல் குழுவில் சுமார் 5, இரண்டாம் குழுவில் சுமார் 28. ஏறக்குறைய ஆறு மடங்கு. அதே கணக்கை இன்னொரு பக்கமும் படியுங்கள். அதிகம் பயன்படுத்தியவர்களிலும் ஆயிரத்தில் 972 பேருக்கு அந்த நோய் வரவில்லை. “என் அண்ணன் பத்து வருஷமாக அடிக்கிறான், ஒன்றும் ஆகவில்லை” என்று உங்கள் நண்பன் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த 28 பேரில் ஒருவர் யார் என்பதை முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். குடும்பத்தில் நெருங்கிய உறவினர் யாருக்காவது இந்த நோய் இருந்தால் ஆபத்து அதிகம் என்பது மட்டும் தெரியும்.

கஞ்சா தொட்டவர்கள் முன்பே மனக்குழப்பத்தில் இருந்திருக்கலாமே, ஏழ்மையோ வேறு போதையோ காரணமாக இருக்கலாமே என்றும் கேட்டார்கள். சரியான கேள்வி. அவற்றைக் கழித்துப் பார்த்தபோது ஆறு மடங்கு குறைந்தது, ஆனால் மறைந்துவிடவில்லை. 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில், முதன்முறையாகச் சைக்கோசிஸ் வந்த 901 பேரையும் வராத 1,237 பேரையும் ஒப்பிட்டார்கள். தினமும் பயன்படுத்தியவர்களுக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு. டி.எச்.சி. 10 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள சரக்கைத் தினமும் பயன்படுத்தியவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. தாத்தா காலத்துக் கஞ்சாவும் இன்றையதும் ஒன்றல்ல என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் போலீசார் பிடித்த சரக்கில் 1995இல் சுமார் 4 விழுக்காடு இருந்த டி.எச்.சி. 2014இல் 12 விழுக்காடானது. வேப் திரவத்தில் கலந்து விற்கும் செயற்கைக் ‘கஞ்சா’ இன்னும் மோசம். டி.எச்.சி. அந்த ஏற்பியைப் பாதிதான் திறக்கும், இவற்றில் பல முழுவதும் திறந்துவிடும்.

மருத்துவர் ஏன் அத்தனை கேள்வி கேட்கிறார்

இப்போது உங்களுக்குப் புரியும். மனநல மருத்துவர் ‘கஞ்சா உண்டா, இல்லையா’ என்பதோடு நிறுத்துவதில்லை. எந்த வயதில் தொடங்கியது, வாரத்தில் எத்தனை நாள், என்ன வகை, புகையிலையோடு கலந்தா, வேப்பிலா, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா, தூக்கம் எப்படி, முதல் குரல் கேட்டது எப்போது என்றெல்லாம் கேட்பார். ஒவ்வொரு பதிலும் சிகிச்சையை மாற்றும். கஞ்சா இறங்கியதும் தானாகச் சரியாகும் குழப்பமும் உண்டு. ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. கஞ்சாவால் சைக்கோசிஸ் வந்தவர்களை டென்மார்க்கில் இருபது ஆண்டுவரை பின்தொடர்ந்தபோது, கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பிறகு மனச்சிதைவோ இருமுனை மனநோயோ உறுதியானது. தொடக்கத்திலேயே சிகிச்சைக்கு வந்தவர்கள் தேறுவது எளிது. அந்தப் பையன் இழந்த மாதங்கள் அதனால்தான் எனக்கு வலிக்கின்றன.

‘நினைத்தால் விட்டுவிடுவேன்’ என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கஞ்சாவைப் பயன்படுத்துவோரில் பத்தில் ஒருவர் அளவுக்கு அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை தொடங்கும், முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். அதைத் தாங்காமல் மறுபடி தொட்டுவிட்டு ‘கஞ்சா என்னை அமைதிப்படுத்துகிறது’ என்பார்கள். இதற்கென்று அங்கீகரித்த மாத்திரை இன்னும் இல்லை. பேசிப் பேசி வழிகாட்டும் சிகிச்சைதான், அது பலன் தருகிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. தாய்லாந்து 2022இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்ததைக் காட்டிப் பலர் பேசுகிறார்கள். 2025இல் அங்கேயே கஞ்சாப் பூவுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி 200 கிராம் வைத்திருந்தாலே கடத்தல் என்று அனுமானிக்கப்படும். பயன்படுத்தியதற்கு மட்டும் 5,000 ரிங்கிட்வரை அபராதமோ ஈராண்டுவரை சிறையோ கிடைக்கலாம். அதே சமயம், தானாக முன்வந்து சிகிச்சை கேட்கவும், பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கவும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

உங்கள் நண்பன் திடீரென்று ஒதுங்கினால், தூங்காமல் இருந்தால், யாரோ தன்னைக் கவனிப்பதாகச் சொன்னால், பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல்லுங்கள். காட்டிக்கொடுப்பது ஆகாது. தானா ராத்தா மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு கிளினிக்கிலோ தொடங்கலாம், அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. பெஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, எந்த நேரமும் அழைக்கலாம்.

கடைசி வரிசை மாணவனுக்கும் மற்றவர்களுக்கும் இந்த வாரப் பயிற்சி: மேலே தந்த சுவீடன் எண்களில், கஞ்சாவை ஒரு முறையாவது தொட்டவர்கள் மொத்தம் 4,290 பேர், அவர்களில் நோய் வந்தவர்கள் 49 பேர். ஐம்பது தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களைக் கழித்துவிட்டு, மீதிப் பேரில் ஆயிரத்துக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். மூன்று குழுக்களையும் பட்டை வரைபடமாக வரையுங்கள். அதன் கீழே, இந்த வேறுபாட்டுக்குக் கஞ்சாவைத் தவிர வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று இரண்டு எழுதுங்கள்; அவற்றில் ஒன்றைச் சோதிக்க எப்படி ஓர் ஆய்வு அமைப்பீர்கள் என்றும் எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.